இரு பிள்ளைகள், இரு தேவைகள்: பள்ளி தேடுவது எப்படி?

பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பும் முன் பிள்ளைக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டே தலைப்பு: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை. முதல் தலைப்பின் கீழ் மூன்று நான்கு வரிகளே இருக்கட்டும். "அன்பான ஆசிரியர்கள்" என்று எழுதிப் பயனில்லை. எங்களிடம் அன்பில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்லாது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை என்றால், "எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆசிரியர், வாரம் 4 முறை, 30 நிமிடம்" என்று எழுதுங்கள். இதைத்தான் கேட்டுச் சரிபார்க்க முடியும்.

எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் பள்ளிகள் குறைவோ, அந்தப் பிள்ளையிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். தேறிய பள்ளிகளை அடுத்த பிள்ளையின் தாளோடு வைத்துப் பாருங்கள். வரிசையை மாற்றினால், ஒரு பிள்ளைக்குப் பிடித்த பள்ளியில் இன்னொன்றையும் எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று மனம் சமாதானம் தேடும்.

நேரில் போகும்போது முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்கு வகுப்பைவிட இடைவேளையும் சாப்பாட்டு நேரமும்தான் கடினம். அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். காது கேட்கும் கருவி அணியும் பிள்ளை என்றால், மின்விசிறி ஓடும்போது அறை எவ்வளவு இரைகிறது, எதிரொலிக்கிறது என்று கவனியுங்கள். சக்கர நாற்காலி என்றால் அதன் அகலத்தை அளந்துகொண்டு, டேப்போடு போங்கள். வாசலில் சாய்தளம் இருக்கும். கழிப்பறைக் கதவு குறுகலாகவும், நூலகம் மாடியிலும் இருக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள் சில. சிறப்பு ஆசிரியர் லீவு போட்டால் அன்று யார்? தேர்வில் கூடுதல் நேரத்துக்கு யார், எப்போது விண்ணப்பிப்பது? தனிப் பயிற்சிக்கு எந்தப் பீரியடில் அழைத்துப் போவீர்கள்? பெரும்பாலும் விளையாட்டு, ஓவிய வகுப்புகள்தான் பறிபோகும். படிப்பில் திணறும் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் நேரமே அதுவாக இருக்கலாம், அதனால் விட்டுக்கொடுக்காதீர்கள். கிடைத்த பதில்களை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுலபமாகப் படிக்கும் பிள்ளைக்கும் கேள்வி உண்டு. மற்றவர்களுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டால் என்ன கொடுப்பீர்கள்? "அதே மாதிரி இன்னும் 10 கணக்கு" என்றால் அது தண்டனை.

இருவருக்கும் ஒரே பள்ளி அமைந்தால் அலைச்சல் மிச்சம். ஆனால் தம்பி அழுதால் அக்காவை வகுப்பிலிருந்து கூப்பிடும் பழக்கம் சத்தமில்லாமல் தொடங்கிவிடும். அக்கா பாடத்தை இழப்பாள். தம்பியைச் சமாளிக்க ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளவும் மாட்டார்கள். சேர்க்கும்போதே, அவசரத்துக்கு அழைக்கவேண்டியது பெற்றோரைத்தான் என்று எழுதிக்கொடுங்கள்.

இரண்டு பள்ளி என்று முடிவானால் முதலில் மணியைப் பாருங்கள். இரண்டும் 8:30க்குத் தொடங்கினால், யார் எந்தப் பிள்ளையை அழைத்துப்போவது என்பதைச் சேர்க்கும் முன்பே தீர்த்தாகவேண்டும். ஒருநாள் காலை அதே நேரத்தில், அதே வழியில் போய்ப் பாருங்கள். விடுமுறை நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேர்வு வாரங்கள் மாறிவந்தால் வீட்டில் ஒரு பிள்ளை படிக்க, இன்னொன்று விளையாடும்.

சேர்த்து 6 வாரம் கழித்து அந்தத் தாள்களைத் திரும்ப எடுங்கள். கட்டாயம் வேண்டியவற்றில் நடக்காதது எது என்று வகுப்பாசிரியரிடம் வரி வரியாகக் கேளுங்கள். அதுவரை, இரண்டாவதாகத் தேறிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவேண்டாம்.