கலர் லைட்டில் நின்றால் சூடேறும் பழைய கார்

கொழும்பு, காலி வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்கும். பம்பலப்பிட்டிச் சந்தியில் கலர் லைட் விழுந்து கொஞ்சம் நின்றால் மேலே ஏறும். திரும்ப ஓடத் தொடங்கினால் இறங்கிவிடும். தெமட்டகொடையில் இருக்கும் என் கராஜுக்கு இந்த முறைப்பாட்டோடு எத்தனையோ பழைய சன்னியும் கொரோலாவும் வந்திருக்கின்றன. "அண்ணே, ஹெட் கேஸ்கட் போயிட்டுதாம், ஹெட்டைக் கழட்டணுமாம்" என்று முகம் வாடிப்போய்ச் சொல்வார்கள். எஞ்சினின் மேல்பாகம்தான் ஹெட், அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையில் கசியாமல் அடைப்பது ஹெட் கேஸ்கட். 2020இல் வாகன இறக்குமதி நின்று சில வருடங்கள் வராமல் இருந்ததால் பழைய காரைக் காப்பாற்றி ஓடுபவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களை இப்படிப் பயமுறுத்திக் காசு வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஓடும் காருக்குக் காற்று தானாகவே, எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குள் புகும். நின்ற காருக்கு ஃபேன்தான் காற்று. ஆகவே நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். வேகமாக ஓடும்போதும் சூடேறினால் அது வேறு கதை: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், சூடேறியதும் தண்ணீருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். 0.9 என்று எழுதிய நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. மூடி கசிந்தால் 100இலேயே கொதித்துவிடும்.

பிறகு ஏசி போடாமல் ஸ்டார்ட் செய்து நிற்க விடுங்கள். முள் நடுவைத் தாண்டும் நேரத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் நன்றாகச் சூடேறியிருந்தால் தண்ணீர் ஓடுகிறது. அப்போதும் ஃபேன் சுற்றவில்லையென்றால் கோளாறு கரண்ட் பக்கம். ஃபியூஸைப் பாருங்கள். ஃபேனுக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சிறு பெட்டியான ரிலேயைக் கழற்றி, அதே மாதிரியான ஹோர்ன் ரிலேயைப் போட்டுப் பாருங்கள். அடுத்தது சூட்டுக்கு ஃபேனைப் போடும் சுவிட்ச். பல கார்களில் அதன் வயரைக் கழற்றி முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் ஃபேன் சுற்றும். தொண்ணூறுகளின் டொயோட்டா பலவற்றில் இது தலைகீழ்: சாவியைப் போட்டுவிட்டு வயரைக் கழற்றினாலே சுற்ற வேண்டும். சுற்றினால் சுவிட்ச்தான் பழுது. இதற்கும் அசையாவிட்டால் மோட்டருக்கு நேரே பற்றரியிலிருந்து 12 வோல்ட் கொடுங்கள். கரண்ட் கொடுத்தபடி ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டரை லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? உள்ளே கரண்டைக் கடத்தும் கரித்துண்டு (பிரஷ்) தேய்ந்துவிட்டது. எதைச் செய்தாலும் விரலை இறக்கைக்குள் விடாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் பிடிக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடு குறையவில்லையா? கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால் யாரோ மோட்டர் மாற்றும்போது வயரை மாறிக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டாமல் தொங்கினால் மோட்டரில் பலமில்லை, அல்லது ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு இல்லை. பழைய கார்களில் அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிப் போடுங்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோரம் நிற்கும் கார் என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைப் பெருவிரலால் அழுத்துங்கள். உப்புக் காற்றில் உக்கிப்போயிருந்தால் பொரிவிளாங்காய் மாவு போல் உதிரும். ஃபேன் எவ்வளவு இழுத்தாலும் அந்த ரேடியேட்டர் ஆறாது. தகடு நன்றாக இருந்து அழுக்கு மட்டும் என்றால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் அதற்கும் இடையில் சிக்கிய இலையும் பொலித்தீனும் அப்போது தகட்டை விட்டுக் கழலும்.

பெல்ட்டில் சுற்றும் ஃபேன் என்றால், சூடான எஞ்சினை நிறுத்திய பின் கையால் சுழற்றுங்கள். இறுக்கமில்லாமல் பல சுற்றுச் சுற்றினால் நடுவில் ஃபேனைப் பிடித்துச் சுற்றும் கிளட்ச் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓடிய காரில் உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவமான கூலண்ட்தான் விட வேண்டும். "இந்த வெக்கைக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று கழற்றுபவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும்.

ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவும் அடையாளம் உண்டு: ஆறிய எஞ்சினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வருவது, தண்ணீர் காரணமின்றிக் குறைவது, எண்ணெய் பால் கலந்த நிறமாவது.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஓரங்கட்டுங்கள். காருக்குள் சூடு தரும் ஹீட்டரின் லைன் வெட்டப்படாமல் இருந்தால் ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அதில் வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவோ எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். கையும் வேகும், ஹெட்டும் வெடிக்கும்.

வேலை முடிந்த காரை மத்தியான வெயிலில் எஞ்சின் ஓட இருபது நிமிடம் நிற்க விடுங்கள். ஃபேன் இரண்டு மூன்று தரம் பிடித்து நிற்க வேண்டும். பிறகு ஏசியைப் போட்டு இன்னும் பத்து நிமிடம் பாருங்கள். முள் அசையாவிட்டால் காலி வீதிக்குக் கொண்டு போகலாம்.