ஆக்சிஜன் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன்

செக் எஞ்சின் லைட் எரிகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. ஸ்கேனரை மாட்டினால் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் பல ஒர்க்‌ஷாப்புகளில் தயாராக இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றியபின் அதே லைட் மறுபடி எரியும். ஏனென்றால் பழைய சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது. இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண ஜிர்கோனியா சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கமும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் பக்கமும் தாவும். 0.45 அதன் நடுக்கோடு. இதைப் பார்த்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம்தான் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று சதவீதமாகத் தெரிகிறது. +10 என்றால் வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் போகிறது என்று பொருள்.

பி0171 போன்ற கோடு நம்பரை மட்டும் படித்துவிட்டு இந்த ட்ரிம்மைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, நீண்டகால ட்ரிம் +18, அதையே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பார்த்தால் +4 என்று வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு வேக்யூம் ஹோஸில் விரிசல் விட்டிருக்கிறது அல்லது இன்டேக் கேஸ்கெட் கசிகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரிகிறது, வேகம் கூடினால் கரைந்துவிடுகிறது. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏறும்போது மட்டும் ட்ரிம் கூடினால், ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். ஏர் ஃப்ளோ மீட்டர் இல்லாமல் இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்த ஐடில் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவு இருந்தால் ட்ரிம்மைவிட ஐடில் வேகம்தான் முதலில் ஏறும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது புகைக் குழாய்க் கசிவு. சென்சாருக்கு முன்னால், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும், அதோடு நிற்காது. புகை துடிப்பு துடிப்பாகப் போவதால், இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்க்கிறது, இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனர் பெட்ரோல் குறைவு என்கிறது, பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. இப்படி இரண்டும் முரண்பட்டால் கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புத் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மிஸ்ஃபயரும் இதே வேலையைச் செய்யும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதால் சென்சார் பெட்ரோல் குறைவு என்றே சொல்லும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே உருக்கிவிடலாம். பிளக், காயில் இரண்டையும் பார்க்காமல் சென்சாருக்கு ஆர்டர் போடாதீர்கள்.

மைலேஜுக்காக, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின்பக்க சென்சாரை மாற்றுவதும் பெரும்பாலும் வீண். அதன் முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது, பெட்ரோல் கணக்கைப் பெரும்பகுதி நடத்துவது முன்பக்க சென்சார். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்ததும், சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வைத்து மறைப்பவர்கள் லைட்டைத்தான் அணைக்கிறார்கள், நச்சுப் புகை அப்படியே தெருவுக்கு வருகிறது. இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

சென்சார் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. எஞ்சின் வேலையின்போது பூசும் சாதாரண சிலிகான் சீலன்ட், எரியும் கூலன்ட், எரியும் ஆயில் எல்லாம் அதன் முனையில் படியும். பெட்ரோலில் ஊறவைத்தோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ அதை மீட்க முடியாது, பீங்கான்தான் சேதமாகும். சீலன்ட் வாங்கும்போது ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மாட்டும்போது ஒயரைச் சால்டர் செய்வது, கனெக்டரில் கிரீஸ் தடவுவது இரண்டும் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் எடுக்கின்றன. கலவை எவ்வளவு கூடுதல், குறைவு என்றே அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சார் உள்ள காரில் சாதாரண சென்சாரை மாட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், ரீமேப், அதாவது இசியூவின் கணக்கை மாற்றி எழுதுவது. முழு ஆக்சிலரேட்டரில் இசியூ வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டுகிறது, அப்போது சாதாரண சென்சார் 0.9 அருகே ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கூடுதல் என்று அதற்குத் தெரியாது. அதை நம்பி டியூன் செய்தால் பிஸ்டனுக்கு ஆபத்து, வைட்பேண்ட் மீட்டர் கட்டாயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலிலும் கவனம் வேண்டும். எத்தனால் சேர்வதால் தேவையான காற்று விகிதம் சுமார் 13.5 ஆக இறங்குகிறது. அதனால் பழைய காரில் ட்ரிம் சில சதவீதம் கூடுவது இயல்பு, அதைக் கோளாறு என்று நினைத்து எதையும் கழற்ற வேண்டாம்.

சென்சார் மீது சந்தேகம் இருந்தால் ஓடும் வண்டியில் லைவ் டேட்டாவைப் பாருங்கள், ஓட்டுபவர் வேறொருவராக இருக்கட்டும். சாதாரண சென்சார் என்றால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 0.9 பக்கம் ஏற வேண்டும். கியரிலேயே காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று, சட்டென்று பூஜ்யத்துக்கு அருகில் விழ வேண்டும். இரண்டும் தாமதமில்லாமல் நடந்தால் சென்சார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய கணக்கை இசியூவிலிருந்து அழித்து, சில நாள் ஓட்டியபின் ட்ரிம்மை மறுபடி பாருங்கள். அப்போதும் அதே +18 இருந்தால் பழைய சென்சாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தேவைப்படும்.