பழைய சதுரங்கக் காயா? அடியைத் திருப்பிப் பாருங்கள்

1964-ல் எடின்பரோவில் ஒரு பழம்பொருள் வியாபாரி 5 பவுண்டுக்கு வாங்கிய ஒற்றைக் காய், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த இடைக்காலக் காய்களில் ஒன்று. 2019-ல் அது ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது. அப்படி அமைவது அபூர்வம்தான். ஆனாலும் பழைய பொருள் சந்தையில் டப்பாவுக்குள் கிடக்கும் காய்களைக் கிளறாமல் நகராதீர்கள்.

முதலில் குதிரையை எடுங்கள். மற்ற காய்களைக் கடைசலில் கடைந்துவிடலாம். பழைய மரக் குதிரையின் தலையைக் கையால் செதுக்கியிருப்பார்கள். பிடரியும் நாசியும் கூர்மையாக இருந்தால் நல்ல பட்டறை வேலை.

அடுத்து முத்திரை. இன்று போட்டிகளில் ஆடும் ஸ்டாண்டன் வடிவக் காய்களை 1849-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது லண்டனின் ஜேக்ஸ் நிறுவனம். அவர்களுடைய பழைய செட்டுகளில் ராஜாவின் அடி விளிம்பில் பெயர் பதிந்திருக்கும். ராஜா பக்கத்துக் குதிரையிலும் கோட்டையிலும் பெரும்பாலும் ஒரு குட்டிக் கிரீடம் இருக்கும். அக்காலத்தில் ஆட்டத்தைக் குறித்துவைக்கும்போது ராஜா பக்கக் குதிரையா, ராணி பக்கக் குதிரையா என்று தெரிய வேண்டியிருந்ததே, அதற்காக! எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான்.

வெள்ளைக் காய் என்றால் நிதானம் தேவை. எலும்பில் கரும்புள்ளிகளாக நுண்துளைகள் தெரியும். யானைத் தந்தத்தின் அடியில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும், அதைத் தொடாதீர்கள். இந்தியாவில் தந்த வணிகம் குற்றம். பிரிட்டனிலும் 2022 முதல், சில விலக்குகள் தவிர, தடைதான்.

வாங்கியதைத் தண்ணீரில் கழுவாதீர்கள். உலர்ந்த மென்துணியே போதும்.