படியேறி நாடி பார்ப்பது எப்படி?

உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "துடிப்பு எவ்வளவு ஏறலாம்?" என்றுதான். நிறுத்தியதும் அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதையும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். வீட்டுப் படியிலேயே பார்த்துவிடலாம். இதய நோய், நெஞ்சுவலி, மயக்கம், முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

முதலில் ஓய்வுத் துடிப்பு. காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே துடிப்பு தெரியும், எண்ணிக்கை குழம்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கு 60க்குக் கீழேயும் இருக்கும்.

அடுத்து, சுமார் 12 அங்குல உயரத்தில் ஆடாத ஒரு படியோ பலகையோ வேண்டும். போனில் மெட்ரோநோம் செயலியை (சீராக 'டிக் டிக்' என்று தாளம் தட்டும் செயலி) நிமிடத்துக்கு 96இல் வையுங்கள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. இப்படி நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவீர்கள். 3 நிமிடம் போதும். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே நிறுத்துங்கள்.

ஏறத் தொடங்கியதுமே துடிப்பு எகிறுவதற்குக் காரணம் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. ஓய்வில் அது இதயத்தின் மேல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிடி இல்லாவிட்டால் இதயம் தன்போக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். அசையத் தொடங்கியதும் பிடி தளர்கிறது; அதற்கு மேல் ஏற்றிவிடுவது, உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளும் அட்ரினலின் என்ற ஹார்மோனும். நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு மளமளவென்று இறங்குவதற்கும் பெருமளவு வேகஸ்தான் காரணம்.

சரி, இப்போது முக்கியமான கட்டம். நிறுத்திய அந்தக் கணமே உட்கார்ந்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிறுத்தியதிலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி 15 விநாடி எண்ணுங்கள். முதலில் 33, அப்புறம் 26 என்றால், 132இலிருந்து 104. இறக்கம் 28.

இணையத்தில் '12' என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு அது. முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் மருத்துவப் பரிசோதனைக்காக டிரெட்மில்லில் முழு மூச்சாக நடந்தவர்கள். முடிந்ததும் உட்காராமல் மெதுவாக நடந்தபடியே ஆறினார்கள். நம் மூன்று நிமிடப் படியேற்றத்தை அதோடு ஒப்பிடுவது தவறு. உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு நோட்டில் தேதி, ஓய்வுத் துடிப்பு, இரண்டு எண்கள், தூக்கம் எப்படி என்று எழுதி வையுங்கள். மாதம் இருமுறை, அதே படி, அதே நேரம். வெயில், காய்ச்சல், தண்ணீர் குறைவு எல்லாமே துடிப்பை ஏற்றிவிடும். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது; அவர்கள் இந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், நோட்டை மருத்துவரிடம் காட்டட்டும்.