டாக்டர் ஐயாவின் கடிதப் பெட்டி: கடலோர வீட்டில் பழைய கடிதங்களைக் காப்பாற்றும் முறை

கீழக்கரையில் எங்கள் வாப்பா முப்பத்திரண்டு வருஷம் ஒரே டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை பேர் பெற்றவர் அந்த டாக்டர் ஐயா. அவர் காலமான பிறகு, வெளியூரில் இருந்த பிள்ளைகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து, "இதெல்லாம் உங்ககிட்ட இருக்கிறதுதான் சரி, கம்பவுண்டர் மாமா" என்று வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே முழுக்கக் கடிதங்கள். அவற்றை ஒழுங்குசெய்ய எனக்கு மூன்று வருஷம் ஆனது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இதைப் படித்துவிட்டுத் திறங்கள்.

வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் திறக்காதீர்கள். உப்பு ஈரம் தாளில் ஏறினால் எளிதில் இறங்காது. மாசி, பங்குனி நல்லது. ஈரக் கடிதத்தை வெயிலில் போடவே கூடாது. ஆறு கடிதங்களை மொட்டை மாடியில் காயவைத்தேன், மை வெளிறிப்போனது. நிழலில், காற்றோட்டத்தில், பருத்தித் துணிமேல் பரப்புங்கள்.

அடுத்தது, கட்டுகளைக் கலைக்காதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். குடும்பக் கடிதம் ஒரு பக்கம், மருத்துவக் கடிதம் ஒரு பக்கம் என்று பிரிக்கத்தான் முதலில் கை போகும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்போது ஒரு கார்பன் நகல் கையில் வந்தது. சங்கு குளிக்கும் ஆட்களுக்குச் செவிப்பறை கிழிவது பற்றிச் சென்னையில் இருந்த தன் பேராசிரியருக்கு ஐயா இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் வலி தொடங்குகிறது என்று குளியாளிகளையே கேட்டுக் குறித்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் மகளுக்கு வந்த வரனைப் பற்றி அதே பேராசிரியரிடம் யோசனை கேட்கிறார். இதை எந்தப் பக்கம் வைப்பது? பிரித்த நாற்பது கடிதங்களையும் பழைய கட்டிலேயே சேர்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1884-ல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 1891-ல் தொகுத்து அச்சாயின. வீட்டுக்கு எழுதியவையும் அவர் பணியின் வரலாறுதான்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளை மெல்ல விலக்கி எடுங்கள். ரப்பர் பேண்டு, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். ஒரு நோட்டில் எண், தேதி, எழுதியவர், பெறுபவர், சுருக்கமாக விஷயம். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தேன், தாளைத் தொடக்கூடாது. பெட்டி தரையில் இல்லாமல் பலகைமேல் இருக்கட்டும்.

தேதியில்லாத கடிதத்துக்கு உறையே சாட்சி, அதனால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால்தலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் போயிருக்காது. கொழும்புக் கடிதங்களில் தபால்தலை 'சிலோன்' என்றா 'ஸ்ரீலங்கா' என்றா என்று பாருங்கள். 1972 மே மாதம்தான் பெயர் மாறியது.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழ் எழுதிய பெண்கள் ஐயாவுக்கும் அப்படியே எழுதினார்கள். வாப்பா வாசித்துக் காட்டுவார். இன்று அதை வாசிப்பவர்கள் குறைவு. எங்கள் தெருவில் ஓதிக்கொடுத்த ஒரு மூத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஹிஜ்ரி தேதியை அப்படியே எழுதி, ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

படம் எடுக்க ஜன்னலோர வெளிச்சமும் கைப்பேசியும் போதும். இருபுறமும், உறையும். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். காகிதம் உங்கள் கையில் இருந்தாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. அச்சில் கொண்டுவருமுன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நோயாளிகளின் கடிதங்கள் மட்டும் தனி. வாப்பா அவற்றை ஏற்கெனவே சிவப்பு நூலால் கட்டியிருந்தார். காசநோய், தொழுநோய், பிள்ளையில்லாத துயரம் என்று ஒருவரை நம்பி எழுதியவை. அவற்றுக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும் கொடுத்தேன். எந்த எண் யாருடையது என்ற நோட்டு ஒன்றே ஒன்று. அதைப் படம் எடுக்கவில்லை. உம்மாவின் அலமாரியில் பூட்டி இருக்கிறது.