சீனாவின் யொங்காங்கிலிருந்து எஃகு பாட்டில் இறக்குமதி: விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது எப்படி

500 மி.லி. கொள்ளும் இரட்டைச் சுவர் எஃகு பாட்டில், 304 தரம், 5,000 எண்ணிக்கை. மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டால் மூன்று விலை வரும். விவரம் மட்டும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். குறைந்த விலையைப் பிடித்துக்கொள்ளும் முன், அது எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சீனத் தொழில் வளர்ந்த விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சட்டம்

இந்தியாவுக்கு எஃகு பாட்டில் கொண்டுவர பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை வேண்டும். அந்த உரிமம் சீனத் தொழிற்சாலையின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் எடுக்க முடியாது. உரிமம் இல்லாத ஆலையோடு விலை பேசுவது வீண். உரிம எண்ணை வாங்கி, அதில் உங்கள் மாடல் அடங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கம் ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதி செய்பவருக்கான அரசு எண்) தயாராக இருக்கட்டும்.

ஊர் பார்த்துத் தேடுங்கள்

1980இல் ஷென்ஜென், ஜூஹாய், ஷாந்தோ, ஷியாமென் ஆகிய நான்கு இடங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாயின. 1984இல் மேலும் 14 கடற்கரை நகரங்கள் வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறக்கப்பட்டன. 2001 டிசம்பர் 11இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. உலகச் சந்தை திறக்கத் திறக்க, ஓர் ஊர் ஒரே பொருளில் ஊன்றுவது பெருகியது. விளக்குக்கு ஜொங்ஷானின் குஜென், காலுறைக்கு ஜூஜியின் தாதாங், பொம்மைக்கு ஷாந்தோவின் செங்ஹாய், எஃகு பாட்டிலுக்கு ஜெஜியாங் மாகாணத்து யொங்காங். மூடி, ரப்பர் வளையம், பவுடர் பூச்சு, அட்டைப்பெட்டி எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பதால்தான் அங்கே விலை குறைவு.

ஆகவே பாட்டில் விற்பவரின் முகவரி வேறு ஊரில் இருந்தால், பெரும்பாலும் அவர் இடைத்தரகர். சில நூறு பாட்டில்தான் தேவை என்றால் இடைத்தரகரே நல்லது. ஆலை அவ்வளவு சிறிய ஆர்டரை எடுக்காது. ஆனால் ஆலை என்று நினைத்துக்கொண்டு இடைத்தரகருக்குப் பணம் அனுப்பக் கூடாது. வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து 18 இடம் கொண்ட சமூகக் கடன் குறியீடு, அதாவது நிறுவனத்தின் பதிவு எண், இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதை இட்டால் பெயர், முகவரி, தொழில் எல்லை வரும். தொழில் எல்லையில் ‘உற்பத்தி’ என்ற சொல் இல்லாமல் ‘விற்பனை’ மட்டும் இருந்தால் அது ஆலை அல்ல.

ஆலைக்காரர் மனதில் ஓடும் மூன்று சொற்கள்

1990களில் சீனாவில் எங்கும் ஒலித்த சொல் ‘ஜியேகுய்’. உலகத்தின் தண்டவாளத்தோடு நம் தண்டவாளத்தை இணைப்பது என்று பொருள். ஏற்றுமதி ஆலைகள் வெளிநாட்டுத் தரங்களைக் கற்றது அந்த எண்ணத்தில்தான். ஆனால் அந்தத் தரம் வாங்குபவர் கேட்டதால் வந்தது. நீங்கள் எழுதிக் கேட்காத தரம் உங்கள் சரக்கில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2020இல் பரவிய சொல் ‘நெய்ஜுவான்’. எல்லோரும் மேலும் மேலும் உழைத்தும் யாருக்கும் கூடுதலாக எதுவும் கிடைக்காத உள்சுருள் போட்டி. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் முதல் ஆலை முதலாளி வரை அதைச் சொன்னார்கள். 2024 ஜூலையில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழுவே அத்தகைய போட்டியைத் தடுக்க வேண்டும் என்றது. வாங்குபவருக்கு இந்தச் சொல்தான் மிக முக்கியம். லாபம் இல்லாத விலைக்கு ஆர்டர் எடுத்தவர் அதைப் பொருளில்தான் ஈடுகட்டுவார். நீங்கள் கடைசி ஐந்து சென்ட்டுக்கு அழுத்தும்போது அவர் வாய்திறந்து மறுக்க மாட்டார், தகட்டைத்தான் மெலிதாக்குவார்.

மூன்றாவது ‘சூஹாய்’, கடல் கடந்து போவது. வியட்நாமிலோ தாய்லாந்திலோ கிளை தொடங்கிய ஆலையாக இருந்தால், சரக்கு எந்த ஆலையில் உருவாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பி.ஐ.எஸ். உரிமம் அதில் குறித்த ஆலை முகவரிக்கு மட்டுமே செல்லும்.

எங்கே வெட்டுவார்கள்

304 எஃகில் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். 201 எஃகில் நிக்கல் 3.5 முதல் 5.5% வரைதான், அந்த இடத்தை மாங்கனீசு நிரப்புகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. காந்தம் வைத்துப் பார்ப்பதும் பயன்படாது, இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் 201 சிவக்கும். வெளிச்சுவரையும் உள்சுவரையும் தனித்தனியாகச் சோதியுங்கள்; உள்ளே 304, வெளியே 201 போடுவது வழக்கம். அது ஒப்புக்கொண்டு செய்தால் தவறில்லை, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

எனவே விவரத்தாளில் உள்சுவர் தரம், வெளிச்சுவர் தரம், இரண்டின் தடிமன் மில்லிமீட்டரில், வெற்றுப் பாட்டிலின் எடை கிராமில், ரப்பர் வளையம் எதனால் ஆனது என எல்லாம் துல்லியமாக எழுதியிருக்கட்டும். எடை எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தகடு மெலிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தராசுதான்.

ஒப்புக்கொண்ட சாம்பிள் மூன்று எடுத்துக் கையெழுத்திட்டு முத்திரையிடுங்கள்: ஒன்று உங்களிடம், ஒன்று ஆலையில், ஒன்று சரக்கைச் சரிபார்க்க நீங்கள் அமர்த்தும் சோதனையாளரிடம்.

பணமும் காகிதமும்

ஒப்பந்தம் சீன மொழியில், ஆலையின் சிவப்பு வட்ட முத்திரையோடு இருக்கட்டும். வழக்கமான முறை 30% அட்வான்ஸ், சோதனை முடிந்தபின் 70%. வங்கிக் கணக்கின் பெயரும் வணிக உரிமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ‘கணக்கு எண் மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மின்னஞ்சலைக் களவாடி இப்படிச் செய்பவர்கள் உண்டு.

சொந்தப் பெயரில் விற்பதானால் வணிகச் சின்னத்தைச் சீனாவிலும் பதியுங்கள். அங்கே முதலில் பதிந்தவருக்கே உரிமை.

சோதனை

முழு உற்பத்தியும் முடிந்து, 80% பெட்டியில் அடைத்த பிறகு சோதனையாளரை அனுப்புங்கள். மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.ஓ. 2859-1 முறையில், வழக்கமான சோதனை நிலையான பொதுநிலை இரண்டில், 5,000 பாட்டிலுக்கு 200 மாதிரி எடுக்க வேண்டும். பெரிய குறைக்கு ஏற்கத்தக்க அளவு (ஏ.க்யூ.எல்.) 2.5 என்று வைத்தால், அந்த 200இல் குறையுள்ள பாட்டில் 10 வரை ஏற்கலாம், 11 ஆனால் மறுப்பு. சிறு குறைக்கு 4.0 என்றால் 14 வரை ஏற்பு, 15இல் மறுப்பு. ஆபத்தான குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இரு சுவர்களுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் வெற்றிடம் போய்விட்டதா என்று அறிய, கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தப் பாட்டில் கெட்டது. கழுத்துப் பகுதி சூடாவது இயல்பு.

ஏற்றுமதி

24 பாட்டில் கொண்ட பெட்டி 45×31×28 செ.மீ. என்றால் 5,000 பாட்டிலுக்கு 209 பெட்டி, சுமார் 8.2 கனமீட்டர். 20 அடி கன்டெய்னரில் நடைமுறையில் 28 கனமீட்டர் ஏற்றலாம். ஆக இது பிறர் சரக்கோடு சேர்ந்துதான் வரும். அப்போது சி.ஐ.எஃப். விலையில் (கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவரே சேர்த்துச் சொல்லும் விலை) கப்பல் கட்டணம் மிகக் குறைவாகத் தெரியும். மீதியை இறங்கும் துறைமுகத்தில் வசூலித்துவிடுவார்கள். எஃப்.ஓ.பி. நிங்போ, அதாவது நிங்போ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை என்று பேசி, கப்பல் ஏற்பாட்டை உங்கள் முகவரிடமே கொடுங்கள்.

சீனப் புத்தாண்டையொட்டி ஆலைகள் இரண்டு முதல் நான்கு வாரம் மூடிக்கிடக்கும். ஊருக்குப் போன தொழிலாளரில் பலர் திரும்புவதில்லை. புதிய கைகள் வெல்டிங் செய்யும் முதல் சில வாரச் சரக்கில் கசிவு கூடும். அந்த நேரத்து ஆர்டருக்கு உற்பத்தியின் நடுவிலேயே கூடுதலாக ஒரு சோதனை வையுங்கள்.