கப்பல் ஏறும் நேரம் மாறினால்

டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் குளிர்காலத்தில் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள் மூடுபனியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பனி அடர்ந்துவிட்டால், கப்பலைத் துறைமுகத்துக்குள் அழைத்துவரும் பைலட்டுகள் வேலையை நிறுத்திவிடுவார்கள். விடியற்காலையில் வர வேண்டிய கப்பல் கடலிலேயே நிற்கும். அதே கப்பலில் நாம் ஏற வேண்டிய பகல் 12 மணி, மாலை 5 மணியாகிவிடும்.

இந்த மாற்றம் பெரும்பாலும் குறுஞ்செய்தியாகத்தான் வரும். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்திருந்தால் கப்பல் நிறுவனத்திடம் பதிவாகியிருப்பது அவருடைய எண்ணாக இருக்கலாம். முன்பே பார்த்து உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். நான் காலையில் முதலில் பார்ப்பது கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணைய வரைபடத்தை. கப்பல் இன்னும் கடலில் என்றால், ஹூஸ்டனிலேயே இன்னொரு காபி குடிக்கலாம். கால்வெஸ்டன் சுமார் 80 கிலோமீட்டர்தான். அவசரப்பட்டுப் போனால் வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

ஏறத் தொடங்கும் நேரம் தள்ளிப்போனால், ஏறுவதற்கான கடைசி நேரமும் தானாகத் தள்ளிப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அதைத் தனியாகக் கேளுங்கள். புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே பயணிகள் பட்டியல் அமெரிக்க அரசிடம் போயாக வேண்டும். அதன் பிறகு கெஞ்சிப் பயனில்லை. பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். சுமைக்காரரிடம் கொடுத்த பெட்டி அறைக்கு வர இரவாகலாம்.